சம்பந்தி வீட்டுக் கேஸ்

என் மச்சான் யோகேஸ்வரன் ஒரு வீட்டுக்குள் காலடி வைத்தால் முதலில் வீட்டுக்காரரைப் பார்க்க மாட்டார். சீலிங்கைப் பார்ப்பார். பிறகு ஹீட்டர். பிறகு குசினி அடுப்பு. இவ்வளவும் பார்த்து முடிந்த பிறகுதான் "எப்பிடிச் சுகம்?" என்று கேட்பார். அதற்குள் வீட்டுக்காரருக்குப் பாதி உயிர் போயிருக்கும்.

மெல்பேர்னில் அவர் லைசன்ஸ் உள்ள கேஸ் ஃபிட்டர். வீடுகளில் கேஸ் ஹீட்டர் பொருத்துவது, அதன் புகை குழாய் வழியாகக் கூரைக்கு மேலே ஒழுங்காகப் போகிறதா என்று பார்ப்பது, போகாவிட்டால் ‘ஏலாது’, அதாவது முடியாது, என்று சண்டை பிடிப்பது, இதுதான் இருபத்தாறு வருஷமாக அவருடைய பிழைப்பு. சண்டைக்குச் சம்பளம் இல்லை, அதை அவர் இலவசமாகச் செய்கிறார்.

உறவுக்காரரும் தப்ப முடியாது. ஒருமுறை எங்கள் சங்கத்துப் பொங்கல் விழாவில், மண்டபத்துக்குள்ளேயே கேஸ் அடுப்பு வைத்துப் பானை ஏற்றியிருந்தோம். பால் நுரை கட்டி மேலே வருகிறது, நூறு பேர் ‘பொங்கலோ’ என்று வாயைத் திறந்துவிட்டோம். மச்சான் குனிந்து அடுப்பை அணைத்துவிட்டு, யன்னல்களைத் திறக்கச் சொன்னார். பால் மெதுவாகக் கீழே இறங்கியது. அந்த வருஷம் எங்களுக்குப் பொங்கல் பொங்கவில்லை, சங்கத் தலைவர் இன்றைக்கும் அவரைக் கண்டால் மற்றப் பக்கம் பார்ப்பார்.

ஏன் இப்படி என்று கேட்டால் சொல்ல மாட்டார். தொழில் பழகிய காலத்தில் ஒரு கிரேக்க முதலாளியோடு போய், தட்டியும் ஒருவரும் எழும்பாத ஒரு வீட்டின் கதவைத் திறந்தாராம். அந்த வீட்டைப் பற்றி அதற்கு மேல் அவர் வாயிலிருந்து ஒரு சொல் வராது.

நான் விக்னராஜா, அவருடைய மனைவி தவமலரின் அண்ணன். கார் ஓட்டப் பழக்குவது என் தொழில். எனக்குள்ள பொறுமை முழுவதையும் பழகுகிற பிள்ளைகளிடம் செலவழித்துவிடுவதால் வீட்டுக்கு மிச்சம் வருவதில்லை. யார் பிழையாகப் பேசினாலும் என் வலது கால் தானாகத் தரையை மிதிக்கும், பக்கத்து ஆசனத்தில் பிரேக் இருக்கிற பழக்கம். அன்றைக்கு என் கால் மிதித்த மிதிக்கு, தரையில் உண்மையான பிரேக் இருந்திருந்தால் மெல்பேர்ன் நகரமே நின்றிருக்கும்.

அன்றைக்கு என்றால், போன யூலை மாதத்துக் கடுங்குளிரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மச்சானின் ஒரே மகள் ராகவி ஒரு மருந்துக் கடையில் ஃபார்மசிஸ்ட். மெல்பேர்னின் மல்கிரேவ் பகுதியில் இருக்கிற சித்தார்த் என்ற தமிழ்நாட்டுப் பையனை மூன்று வருஷமாக விரும்புகிறாள். பையனின் அப்பா நாகராஜன் ஐடி கம்பெனி ஒன்றில் ப்ராஜெக்ட் மேனேஜர். அம்மா வைதேகி சிறுபிள்ளைகளுக்கு இசை சொல்லிக் கொடுக்கிறார். "இலங்கைக்காரங்களா? சரி, பார்த்துட்டுச் சொல்றோம்" என்று ஆறு மாதம் இழுத்து, கடைசியில் ஒரு மத்தியானத்துக்கு எங்களை அழைத்திருந்தார்கள். பார்க்கப்போவது அவர்கள், பார்க்கப்படப்போவது நாங்கள். எல்லோருக்கும் அது தெரியும்.

மச்சானின் வேலை வண்டியான வானில் இரண்டு பக்கமும் பெரிய எழுத்தில் பெயரும் தொழிலும் இருந்ததால் வான் வேண்டாம் என்று தவமலர் சொல்லிவிட்டாள். என் காரில் போனோம். கூரையில் இருந்த டிரைவிங் ஸ்கூல் போர்டையும் கழற்றச் சொன்னாள், கழற்றினேன். முன்னும் பின்னும் ஒட்டியிருந்த மஞ்சள் எல் போர்டுகளை மறந்துவிட்டேன். பட்டுச் சேலையும் கோட்டும் மல்லிகைச் சரமும் லட்டுப் பெட்டியுமாக, ஓட்டப் பழகுகிறவர்கள் போல மல்கிரேவ் நோக்கிப் போனோம்.

பாதி வழியில் ராகவி தொண்டையைச் செருமினாள்.

"அப்பா, ப்ளீஸ். ஜஸ்ட் டுடே. அங்க வேலையைப் பற்றிக் கதைக்காதேங்கோ."

"நான் எங்கயம்மா வேலையைப் பற்றிக் கதைக்கிறனான்?" என்றார் மச்சான், கோபமே இல்லாமல். அவர் அதை உண்மையாகவே நம்பினார்.

"சித் அவன்ட அம்மாட்ட, நீங்கள் எனர்ஜி செக்டரில இருக்கிறியள் எண்டு சொல்லிட்டான். நானும் ஓம் எண்டிட்டன். கேஸும் எனர்ஜிதானே?"

மச்சான் கோட்டுப் பொத்தானைப் போட்டார், கழற்றினார்.

"ஓம் பிள்ளை," என்றார் மச்சான்.

"ஹீட்டரைப் பாக்கப்படாது. சீலிங்கைப் பாக்கப்படாது. ப்ராமிஸ்?"

"ஓம்."

அதன் பிறகு அவர் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கு வந்த கோபத்தைச் சொல்ல முடியாது. இந்த மனிசன் மற்றவர்களின் வீடுகளுக்குக் கீழே, தரைப் பலகைக்கு அடியிலுள்ள இடுக்கில் வயிற்றால் ஊர்ந்து ஊர்ந்துதான் இவளைப் படிப்பித்து ஃபார்மசிஸ்ட் ஆக்கினார். ஏதாவது சொல்லவேண்டும் என்று வாயெடுத்தேன், தவமலர் பின்னாலிருந்து என் தோளில் கிள்ளினாள். தரையை மிதித்துக்கொண்டு பேசாமல் ஓட்டினேன்.

நாகராஜன் வாசலுக்கே வந்து கைகூப்பினார். மெலிந்த, சுறுசுறுப்பான மனிதர். எல் போர்டைப் பார்த்தும் பார்க்காததுபோல் நடந்துகொண்டார், அதற்காகவே எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. உள்ளே போனதும் மச்சானின் தலை பழக்கதோஷத்தில் மேலே கிளம்பியது. பாதியில் ஞாபகம் வந்து, கழுத்துச் சுளுக்கியவர்போல் தடவிக்கொண்டு கீழே இறக்கினார்.

எழுபதுகளில் கட்டிய செங்கல் வீடு. முன்னறைச் சுவரில் பதித்த பழைய கேஸ் ஹீட்டர் ஒன்று எரிந்துகொண்டிருந்தது. அதன் பக்கத்தில் சாமித் தட்டு, ஊதுபத்தி. அப்பாலே கதவில்லாத குசினி. அங்கே வைதேகி வாழைக்காய் பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தார், அடுப்புக்கு மேலே பெரிய காற்றுறிஞ்சி ஃபேன் இரைந்துகொண்டிருந்தது. அறை கதகதவென்று இருந்தது. மூன்று மணி வெயிலிலும் யன்னல் கண்ணாடிகளில் தண்ணீர் வடிந்தது.

நாகராஜன் எங்களை வீடு சுற்றிக் காட்டினார். மனிதர் வீட்டை வாங்கவில்லை, பெற்றெடுத்திருக்கிறார், அவ்வளவு பெருமை.

"இந்த ஃபேன் நானே மாத்தினது சார். தாளிச்சா பக்கத்து வீட்டுக்காரர் இருமுறார்னு, கடையில இருந்ததுலயே பெரிசா பார்த்து வாங்கினேன். மூணு ஸ்பீடு. எலெக்ட்ரீஷியன் வர மூணு வாரம் ஆகும்னான். வீடியோ பார்த்து நானே வயர் கொடுத்துட்டேன்."

மச்சான் மீசையைத் தடவினார். அந்த வயர் குசினியில் தொடங்கி, அலுமாரிக்குள் நுழைந்து, ஹீட்டரின் புகைக்குழாயை உரசிக்கொண்டு பின்பக்கத்து பிளக்குக்குப் போனது. உரசிய இடத்தில் வெள்ளை வயர் பழுப்பாகியிருந்தது.

"இங்க பாருங்க," என்று நாகராஜன் சுவரில் மாட்டியிருந்த முருகன் காலண்டரைத் தூக்கிக் காட்டினார். "பழைய ஓனர் என்ன ஆளோ, சுவர்ல ஓட்டை ஓட்டையா வச்சிருந்தான். குளிர் எல்லாம் அது வழியாத்தான் வந்துது. மூணு வருஷம் முன்னாடி நாலு ஓட்டையையும் நானே பூசி அடைச்சுட்டேன். இப்ப ஒரு பொட்டுக் காத்து உள்ள வராது."

மச்சானின் மீசையில் பாதி கையோடு வந்துவிடும் போல இருந்தது. ராகவியைப் பார்த்தார். அவள் கண்ணால் கெஞ்சினாள். அவர் முருகனைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு வந்து கதிரையில் உட்கார்ந்தார்.

பேச்சு தொடங்கியது. நாகராஜன் தன் கதிரையை மச்சானுக்குக் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"எனர்ஜி செக்டர்னு சித்தார்த் சொன்னான். எந்த சைடு சார்? ஜெனரேஷனா, டிஸ்ட்ரிபியூஷனா?"

மச்சான் யோசித்தார். "டிஸ்ட்ரிபியூஷன். கடைசிப் பக்கம்."

"ஓ, லாஸ்ட் மைல்."

"ஓம். சில நேரம் கடைசி அடி."

"பெரிய பொறுப்பு. உங்களுக்குக் கீழ எத்தனை பேர்?"

"எனக்குக் கீழயா? இல்ல, அனேகமா நான்தான் கீழ," என்றார் மச்சான். வீட்டுக்குக் கீழே ஊர்வதை நினைத்துச் சொன்னார், பாவம். நாகராஜனோ, இவ்வளவு பணிவான மேலதிகாரியைத் தன் வாழ்நாளில் கண்டதில்லை என்பதுபோல் பார்த்தார். ராகவிக்குத் தண்ணீர் புரையேறியது. சித்தார்த் என்ற அந்த நெடிய பிள்ளை தன் காலுறையையே ஆராய்ந்துகொண்டிருந்தான்.

எனக்குச் சிரிப்புச் சிரிப்பாக வந்தது. தலையும் லேசாகச் சுழன்றது. சம்பந்தம் நல்லாய்ப் போகிறது, சந்தோஷத்தில் வருகிற மயக்கம் என்று நினைத்து இன்னொரு பஜ்ஜியை எடுத்தேன். தவமலரும் நெற்றியைத் தேய்த்துக்கொண்டே சிரித்துக்கொண்டிருந்தாள். மச்சான் மட்டும் சிரிக்கவில்லை. அவர் ஹீட்டரைப் பார்க்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். நீலமாக எரிய வேண்டிய சுவாலை மஞ்சளாக ஆடிக்கொண்டிருந்தது.

கடைசியில் பொறுக்க முடியாமல் அவர் நாகராஜனின் காதுக்குக் கிட்டப் போனார். மகளுக்குக் கொடுத்த வாக்கையும் காப்பாற்ற வேண்டும், விஷயத்தையும் சொல்ல வேண்டும்.

"குறை நினையாதேங்கோ," என்று குசுகுசுத்தார். "கேஸ் போல கிடக்கு."

நாகராஜனின் முகத்தில் பெரிய அன்பு ஒன்று மலர்ந்தது. மச்சானின் முழங்காலைத் தட்டினார். "இதுல என்ன சார் வெட்கம்? எனக்கும் அதே ட்ரபிள்தான். வாழைக்காய் வேற." பிறகு குசினிப் பக்கம் திரும்பி, "வைதேகி, சாருக்கு கேஸாம்," என்றார்.

தவமலர் கண்ணை மூடிக்கொண்டாள்.

வைதேகி கரண்டியோடு எட்டிப் பார்த்தார். "ஐயோ, ரொம்ப நாளா இருக்கா?"

மச்சானுக்கு இது கதவு திறந்ததுபோல் இருந்தது. ஹீட்டரைத்தான் கேட்கிறார் என்று நினைத்துவிட்டார். "ஓமோம்," என்று தலையை ஆட்டினார். "கன நாளா இருக்கவேணும்."

"ஓமமா? இருக்கு, இருக்கு. ஒரு நிமிஷத்துல கொதிக்க வச்சுக் கொண்டு வர்றேன். ஓமத் தண்ணி குடிச்சா எல்லாம் இறங்கிடும்," என்று வைதேகி உள்ளே திரும்பினார்.

எங்கள் ஊரில் ஆமாவுக்கு ஓம். அழுத்திச் சொன்னால் ஓமோம். இந்த ஒரு சொல்லால், வயிற்றில் ஒன்றுமே இல்லாத மனிதருக்கு அடுப்பில் மருந்து ஏறியது. ஓமம் கொதித்தால் வீடெல்லாம் மணக்கும் என்று வைதேகி ஃபேனை மூன்றாவது வேகத்துக்குத் தள்ளினார். விமானம் கிளம்புவதுபோல் ஒரு சத்தம். மச்சானின் கண் சாமித் தட்டுக்குப் போனது. அதுவரை நேராக எழுந்துகொண்டிருந்த ஊதுபத்திப் புகை, இடுப்பொடிந்து குசினிப் பக்கம் சாய்ந்து ஓடியது.

அவர் எழுந்தார். ஊதுபத்தியை உருவி எடுத்தார். ஹீட்டருக்கு முன்னால் முழங்காலில் நின்று, அதன் மேல்பக்க இடைவெளிக்கு நேரே பத்தியைப் பிடித்து, இடமிருந்து வலமாக மெதுவாக நகர்த்தினார்.

"சார், எங்க வீட்டு ஹீட்டருக்கு எதுக்கு தீபாராதனை?" என்று நாகராஜன் கேட்டார்.

"அவருக்குக் கொஞ்சம் பக்தி கூட," என்றாள் தவமலர். சொன்னதோடு நிற்காமல் தானும் எழுந்து ஹீட்டரைக் கும்பிட்டாள். நாகராஜன் குழப்பத்தோடு கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

ஹீட்டர் ஒழுங்காக இருந்தால் அந்தப் புகையை உள்ளே இழுத்துக் குழாய் வழியாகக் கூரைக்கு அனுப்ப வேண்டும். இழுக்கவில்லை. பத்திப் புகை முழுவதும் திரும்பி மச்சானின் முகத்திலேயே அடித்தது.

அதே நேரம் வைதேகி டம்ளரோடு வந்தார். குசினி வாசலில் ஒருமுறை ஆடி, நிலையைப் பிடித்துக்கொண்டார். கால்வாசி ஓமத் தண்ணீர் கீழே சிந்தியது.

"ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல," என்றார் வைதேகி. "குளிர்காலத்துல ஞாயித்துக்கிழமைன்னா எனக்கு இப்படித்தான். தலைவலி, குமட்டல். ஸ்கேன்கூட எடுத்துப் பார்த்தாச்சு."

"மூணு வருஷமா இதே கதை," என்று நாகராஜன் சிரித்தார். "விருந்தாளிக்குச் சமைக்கணும்னாலே இவளுக்குத் தலைவலி வந்துடும்."

மச்சான் பத்தியைக் கீழே வைத்தார். மகளைப் பார்த்தார். ராகவி மெதுவாகத் தலையை ஆட்டினாள், வேண்டாம் என்று. அவளுக்கு விஷயம் விளங்கவில்லை, அப்பா வாயைத் திறக்கப்போகிறார் என்பது மட்டும் விளங்கியது. ஆறு மாதம் இழுத்த சம்பந்தம், மூன்று வருஷக் காதல், எல்லாம் அந்த மனிதரின் ஒரு சொல்லில் தொங்கின. எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது, ஆனால் நான் வாய் திறக்கவில்லை. எனக்கு அப்போது நாக்கும் கொஞ்சம் தடித்திருந்தது.

"எல்லாரும் உடன வெளிக்கிடுங்கோ," என்றார் மச்சான்.

நாகராஜனின் சிரிப்பு நின்றது. "கிளம்புறீங்களா? காபிகூடக் குடிக்கலையே. நான் தீபாராதனைன்னு சொன்னது தப்பாப் போச்சா?"

"நாங்கள் இல்ல. நீங்கள்."

"எங்க வீட்டை விட்டு, எங்களையா?"

"ஓம். இப்ப. இந்த நிமிஷம். தம்பி, அம்மாவைப் பிடியுங்கோ."

அந்தக் குரலை நான் அவரிடம் அதற்கு முன் கேட்டதில்லை. சித்தார்த் பாய்ந்து தாயைப் பிடித்தான். மச்சான் ஹீட்டரை அணைத்தார், அடுப்பை அணைத்தார், ஃபேனை நிறுத்தினார். முன்கதவையும் பின்கதவையும் அகலத் திறந்தார். எங்களை ஆடுமாடு ஓட்டுவதுபோல் வாசலுக்குச் சாய்த்துவிட்டு, பக்கச் சுவருக்குப் போய் கேஸ் மீற்றரின் திருகை மூடினார், மெயின் சுவிட்சையும் இறக்கினார். ராகவி ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணினாள், வந்துசேர இருபது நிமிஷம் ஆகும் என்றார்கள். நான் பஜ்ஜித் தட்டோடு வெளியே வந்திருந்தேன். எப்படி என்று எனக்குத் தெரியாது, ஒருவரும் கேட்கவும் இல்லை.

இப்போது காட்சியைப் பாருங்கள். ஒன்பது பாகை குளிர். ரோட்டோரப் புல்லில், பட்டுச் சேலைகள் மேல் என் காரில் கிடந்த போர்வைகளைச் சுற்றிக்கொண்டு, செருப்பில்லாமல் ஏழு பேர். பக்கத்து வீட்டுக்காரர், அதே இருமுகிறவர், கதவைத் திறந்து பார்த்துவிட்டு, ஒன்றும் விளங்காமல் கையை அசைத்தார். நாங்கள் ஏழு பேரும் சேர்ந்து அசைத்தோம்.

மச்சான் பேசத் தொடங்கினார். வீட்டுக்குள் முக்கால் மணித்தியாலம் திக்கித் திணறிய மனிதர், இப்போது ஆறு போல ஓடினார்.

"உங்கட ஃபேன் வீட்டுக் காத்தை வெளியில இழுக்குது. இழுத்த அளவுக்கு வேற காத்து உள்ள வர வேணும். அதுக்குத்தான் அந்தச் சுவர் ஓட்டைகள். நீங்கள் நாலையும் அடைச்சுப்போட்டியள். மிச்சம் இருந்த ஒரே ஓட்டை ஹீட்டர் புகைக்குழாய். அதுக்குள்ளால மேல போக வேண்டிய புகையை உங்கட ஃபேன் கீழ இழுத்து அறைக்குள்ள விட்டுது. அதில கார்பன் மொனொக்சைட் இருக்கும். மணமும் இல்ல, நிறமும் இல்ல. முதல்ல தலையிடி, தலைச்சுத்து, வயித்தைக் குமட்டுற ஓங்காளம். பிறகு நித்திரை வரும்." அந்த நித்திரையைப் பற்றி அவர் மேற்கொண்டு சொல்லவில்லை. "அந்த வயரும் குழாயில முட்டிக் கருகிக் கிடக்கு. அது வேற கதை, அதுக்கு எலெக்ட்ரீஷியன்தான் வர வேணும்."

"அப்போ அந்த ஓட்டை குளிருக்கு இல்லையா?" என்றார் நாகராஜன், சின்னப் பிள்ளை மாதிரி.

"நீங்கள் மூச்சு விடுறதுக்கு."

வைதேகி போர்வைக்குள்ளிருந்து கேட்டார். "அப்போ என் தலைவலி?"

"எப்ப வரும்?"

"குளிர்காலத்துல. ஞாயித்துக்கிழமை. நாள் பூரா ஹீட்டர் போட்டு, மத்தியானம் ஃபேனும் போட்டுச் சமைக்கறப்ப…" அவர் வாக்கியத்தை முடிக்கவில்லை. நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். குளிர் காற்றில் நின்ற அந்தக் கொஞ்ச நேரத்திலேயே வலி குறைய ஆரம்பித்திருந்தது. முகத்தில் தெரிந்தது.

"ஆஸ்பத்திரியில ரத்தம் பாக்க வேணும். டொக்டர்மார்தான் சொல்லுவினம்," என்றார் மச்சான். "ஆனா எனக்கென்னவோ, தலையிடி வருத்தம் உங்கட தலையில இல்ல. சுவரில."

வைதேகி கணவரைத் திரும்பிப் பார்த்தார். "ஸ்கேன் எடுத்தேன். கண்ணாடி மாத்தினேன். சமையலுக்குப் பயந்த தலைவலின்னு ஊர் பூரா சொல்லிச் சிரிச்சீங்க," என்றார். பிறகு அவரே சிரிக்கத் தொடங்கினார். சிரித்துச் சிரித்துப் புல்லில் உட்கார்ந்துவிட்டார், உட்கார்ந்த பிறகு பார்த்தால் அது அழுகை. தவமலர் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவினாள். நாகராஜன் நின்ற இடத்தில் சுருங்கிப்போனார். "நான்தான் அடைச்சேன்," என்று இரண்டு முறை சொன்னார்.

கொஞ்ச நேரம் கழித்து அவர் மச்சானை ஏறிட்டுப் பார்த்தார். "சார், டிஸ்ட்ரிபியூஷன்ல இருக்கறவங்களுக்கு இவ்வளவு டீடெயிலா எப்படித் தெரியும்?"

தவமலர் வாயைத் திறந்தாள். எனக்கு அவளைத் தெரியும், கூசாமல் இன்னொரு பொய் சொல்லியிருப்பாள். என் கால் புல்லை மிதித்தது. அதற்குள் ராகவி முன்னுக்கு வந்துவிட்டாள்.

"அங்கிள், ஹீ இஸ் அ கேஸ் ஃபிட்டர்," என்றாள். "எங்கட அப்பா வீடு வீடாப் போய் ஹீட்டர் திருத்துறவர். எனர்ஜி செக்டர் எண்டது நாங்கள் சொன்ன பொய். எனக்கு வெக்கமா இருந்தது." போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். "உள்ள அவர் எழும்பினபோது, வேண்டாம் எண்டு நான்தான் தலையாட்டினனான்."

மச்சான் மகளைப் பார்க்கவில்லை. மீற்றரைப் பார்த்தார், அங்கே பார்க்க ஒன்றும் இல்லை. மருமகள் ராகவியை இரண்டு அறை அறைய வேண்டும் என்று காரில் நினைத்த எனக்கு, இப்போது கட்டிப்பிடிக்க வேண்டும் போல இருந்தது. கையில் பஜ்ஜித் தட்டு இருந்ததால் இரண்டும் நடக்கவில்லை.

"ஒரு மட்டை தாங்கோ," என்றார் மச்சான், ஒருவரையும் பார்க்காமல். "ஹீட்டரைப் போடக் கூடாதெண்டு எழுதித் தொங்கவிட வேணும். சிவப்பு மட்டை எல்லாம் வானில கிடக்கு."

நாங்கள் கொண்டுபோன லட்டுப் பெட்டி, வெளியே ஓடிவந்த அவசரத்திலும், தவமலரின் மடியில் இருந்தது. அதன் மூடியைக் கிழித்துக் கொடுத்தாள். மச்சான் சட்டைப் பையில் கண்ணாடியைத் தேடினார். கயிறு கட்டிய கண்ணாடி, வேலைக்காரன் மாதிரி இருக்கிறது என்று தவமலர் வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டிருந்தாள். அவர் மூடியைத் தூரப் பிடித்தார், கிட்டப் பிடித்தார்.

ராகவி அவர் கையிலிருந்து மூடியை வாங்கினாள். சித்தார்த்தின் முதுகை மேசையாக வைத்து எழுதத் தொடங்கினாள். ஆபத்து, பாவிக்கக் கூடாது. வீட்டு விலாசம். தேதி. காரணம். ஒன்றையும் அவர் சொல்லிக் கொடுக்கவில்லை, எந்த வரிக்குப் பிறகு எந்த வரி என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

"லைசன்ஸ் நம்பர்," என்று சொல்லிக்கொண்டு மச்சான் பர்ஸை எடுக்கக் குனிந்தார். நிமிர்ந்தபோது அதுவும் எழுதப்பட்டிருந்தது. ஐந்து இலக்கம். அவர் லைசன்ஸ் அட்டையை நீட்டிப் பிடித்து ஒவ்வொன்றாகச் சரி பார்த்தார். ஒன்றும் பிழையாக இல்லை.

பத்து வயதிலிருந்து பல்கலைக்கழகம் போகும் வரைக்கும் அவருடைய படிவங்களை எல்லாம் எழுதிக் கொடுத்தவள் அவள்தான். அவருக்கு இங்கிலீஷ் ஸ்பெல்லிங் வராது, குசினி மேசையில் இருந்து அவர் சொல்லச் சொல்ல இவள் எழுதுவாள். எனக்கு அது மறந்தே போயிருந்தது. அவளுக்கும் மறந்திருக்கும் என்று நினைத்திருந்தேன், அங்கேதான் என் கணக்குப் பிழையாகிவிட்டது. நம்பருக்குக் கீழே அவள் பெரிய எழுத்தில் யோகேஸ்வரன் என்று எழுதி, பக்கத்தில் கேஸ் ஃபிட்டர் என்று எழுதி, கோடும் இழுத்தாள்.

"சரியா, அப்பா?"

"சரி," என்றார் மச்சான்.

நாகராஜன் லட்டு மூடியை வாங்கி, மேலிருந்து கீழாக இரண்டு தரம் படித்தார். ப்ராஜெக்ட் மேனேஜர் அல்லவா, தேதியைக்கூடச் சரி பார்த்தார். பிறகு திறந்து கிடந்த தன் வீட்டைப் பார்த்தார். இரண்டு கதவு வழியாகவும் குளிர் காற்று தாராளமாகப் போய்வந்துகொண்டிருந்தது. கைகளைத் தேய்த்துக்கொண்டு, தயங்கித் தயங்கி மச்சானுக்குக் கிட்ட வந்தார்.

"இன்னிக்கு ஒரு நாள் மட்டும்," என்றார். "ஃபேனைப் போடாம, கதவைத் திறந்து வச்சுட்டு, ஹீட்டரைக் கொஞ்சமா போட்டுக்கலாமா, சம்பந்தி?"

தவமலர் என் கையைப் பிடித்து இறுக்கினாள். அந்தச் சொல்லுக்குத்தான் ஆறு மாதம் காத்திருந்தோம். அது வந்துவிட்டது, ஒரு கேள்வியின் வாலில் தொங்கிக்கொண்டு. ராகவியும் சித்தார்த்தும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். புல்லில் இருந்த எல்லோரும் மச்சானின் வாயைப் பார்த்தோம். அவர் மட்டும் அவசரப்படவில்லை. மூடியை நாகராஜனின் கையிலிருந்து வாங்கி, மடிந்திருந்த ஓரத்தை நிமிர்த்தினார்.

"ஏலாது, சம்பந்தி," என்றார்.